டயல் பல்பு: வால்வு ரேடியோ கேள்வி பதில்

கே: டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய மர்பி ரேடியோ. பாட்டு வருகிறது, டயல் எரியவில்லை. பல்பில் எழுத்து அழிந்துவிட்டது. எதை வாங்குவது? – தஞ்சாவூர்

ப: பல்பை விடுங்கள், முதலில் வால்வுகளின் பெயரைப் படியுங்கள். ஈசிஎச்81, ஈஎல்84 என்று 'ஈ'யில் தொடங்கினாலோ, 6வி6 போல 6-இல் தொடங்கினாலோ, ஹீட்டர்களுக்கு (வால்வுக்குள் சூடேற்றும் கம்பிகள்) போகும் 6.3 வோல்ட்டிலேயே டயல் பல்பும் இணையாக நிற்கும். ஆகவே 6.3 வோல்ட் பல்பு. ஆம்பியர் 0.15, 0.25, 0.3 எதுவானாலும் எரியும், நான் 0.15 போடச் சொல்வேன். 0.25 பல்பு ஒன்றரை வாட்டுக்கு மேல் சூட்டைக் கக்கி, டயலுக்குப் பின்னாலுள்ள காகிதத்தையும் செல்லுலாய்டையும் பழுப்பாக்கிவிடும்.

அடுத்து அடிப்பாகம். மரை வைத்தது ஈ10. அழுத்தித் திருப்புகிற, பக்கத்தில் 'பின்' (pin) நீட்டியது பிஏ9எஸ். அமெரிக்க எண்களில் 0.15 ஆம்பியருக்கு 40 மரை, 47 பின், 0.25-க்கு 46 மரை, 44 பின். உள்ளே கம்பிகளைத் தாங்கும் கண்ணாடி மணி பழுப்பு என்றால் 0.15, நீலம் என்றால் 0.25. எழுத்து அழிந்த அமெரிக்கப் பல்புக்கு இதுதான் அடையாளம். பின்பால் விளையாட்டு எந்திரங்களுக்கு 44-ம் 47-ம் இன்றும் விற்கின்றன. அந்தப் பெயரில் தேடினால் சீக்கிரம் கிடைக்கும்.

கே: என் செட்டில் யூசிஎச்42, யூஎஃப்41, யூபிசி41, யூஎல்41, யூஒய்41. டார்ச் பல்பு போட்டேன், பாட்டு வருகிறது, பல்பு மினுங்கக்கூட இல்லை. – நாகர்கோவில்

ப: 'யூ' வால்வு என்றால் ஹீட்டர்கள் எல்லாம் ஒரே தொடரில், 0.1 ஆம்பியர். 14, 12.6, 14, 45, 31 – கூட்டினால் 116.6 வோல்ட், மீதியை டிராப்பர் ரெசிஸ்டர் தின்கிறது. அந்தத் தொடரிலேயே பல்பும் நிற்கிறது. உங்கள் டார்ச் பல்புக்கு 0.3 ஆம்பியர் வேண்டும், கிடைப்பது 0.1. எப்படி எரியும்? தொடர் செட்டில் வோல்ட்டைவிட ஆம்பியர்தான் கணக்கு. 0.1-க்குக் குறைந்த பல்பைப் போட்டால் அது உருகும், தொடர் அறுந்து செட்டே ஊமையாகும். இந்த வகையில் 18 அல்லது 19 வோல்ட், 0.1 ஆம்பியர் பல்பு வழக்கம். ஆனால் சில செட்டில் பல்புக்கு இணையாக ரெசிஸ்டர் இருக்கும். சர்க்யூட் படத்தைப் பார்த்து வாங்குங்கள்.

இந்த செட்டில் சேஸிஸ் (உள்ளிருக்கும் உலோகச் சட்டம்) நேராக மெயின்ஸோடு சேர்ந்தது. பல்பைத் தொடுமுன் ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள்.

கே: 110 வோல்ட் அமெரிக்க செட், 12பிஇ6, 50சி5, 35டபிள்யூ4. பல்பு போய்விட்டது, பாட்டு வருகிறது. அவசரமா? – கோவை

ப: அவசரம். 35டபிள்யூ4 என்பது ஏசியை டிசி ஆக்கும் ரெக்டிஃபையர் வால்வு. அதன் ஹீட்டரில் ஒரு டேப் உண்டு, அதாவது நடுவில் ஒரு இணைப்பு எடுத்து ஒரு துண்டைப் பிரித்திருக்கும். 47 (மரை என்றால் 40) பல்பு அந்தத் துண்டுக்கு இணையாக நிற்கிறது. ரெக்டிஃபையருக்கான மின்னோட்டம் பல்பும் ஹீட்டர் துண்டும் பங்கிட்டு வருகிறது. பல்பு போனால் மொத்தச் சுமையும் அந்தத் துண்டின் தலையில். பல்பு வாங்கச் சோம்பினால் வால்வு வாங்க வேண்டிவரும். 230-ஐ 110 ஆக்கும் ஸ்டெப்-டவுன் வைத்திருப்பதால் ஷாக் அடிக்காது என்று நம்ப வேண்டாம்; பெரும்பாலும் அது ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர், செட்டை மெயின்ஸிலிருந்து தனிமைப்படுத்தாது. பிளக்கைப் பிடுங்குங்கள்.

கே: சும்மா பயமுறுத்துகிறீர்கள். என் 35டபிள்யூ4 செட் பல்பே இல்லாமல் வருஷக்கணக்கில் பாடுகிறது. – சேலம்

ப: பாடலாம். மின்னோட்டம் குறைவாக இழுக்கும் செட்டில் அந்தத் துண்டு தாக்குப்பிடிக்கும். கொல்வது ஸ்விட்ச் போடும் கணம்: காலியான ஃபில்டர் கண்டென்சர் நிரம்ப ஒரே இழுப்பாக இழுக்கும். ஹம் (ஸ்பீக்கரில் வரும் ரீங்காரம்) குறையட்டும் என்று யாராவது பெரிய கண்டென்சர் மாற்றியிருந்தால் இழுப்பு இன்னும் அதிகம். உங்கள் செட்டில் அதை மாற்றவில்லை போலிருக்கிறது.

கே: (மறுபடி சேலம்) அப்படியென்றால் பல்புக்குப் பதில் ஒரு ரெசிஸ்டரைப் பற்றவைத்தால் முடிந்ததே?

ப: நியாயமான கேள்வி. 6.3-ஐ 0.15-ஆல் வகுத்தால் 42 ஓம். 39 அல்லது 47 ஓம், 2 வாட் போட்டால் துண்டு பிழைக்கும். ஆனால் பல்பு குளிர்ந்திருக்கும்போது அதன் ஓம் மிகக் குறைவு, முதல் இழுப்பின் பெரும்பங்கை அது வாங்கிக்கொள்ளும். ரெசிஸ்டர் அதைச் செய்யாது. தற்காலிகத்துக்குச் சரி. ஹோல்டரைக் கம்பியால் ஷார்ட் செய்வது மட்டும் வேண்டாம். தொடரில் சில வோல்ட் குறைந்து மற்ற ஹீட்டர்கள் கூடுதலாகச் சூடேறும்.

கே: எல்இடி போடலாமா? – ஈரோடு

ப: டிரான்ஸ்ஃபார்மர் செட்டில் போடலாம். சின்ன டயோடு பிரிட்ஜ் (ஏசியை டிசி ஆக்க), தொடரில் 220 ஓம், மஞ்சள் சாயல் கொண்ட வெள்ளை எல்இடி. நீலச் சாயல் வந்தால் டயல் மருந்துக்கடை போர்டு போல இருக்கும். ஐசி வைத்த ரெடிமேட் எல்இடி பல்புகளில் சில மீடியம் வேவில் இரைச்சல் போடும்.

கே: யூ வால்வு செட்டில் எல்இடி? – மதுரை

ப: கூடாது. தொடர் ஓட வேண்டிய பாதை அது.

கே: டிகே96, டிஎல்96 செட். பல்பு எங்கே இருக்கும்? – புதுக்கோட்டை

ப: பெரும்பாலும் இருக்காது. பேட்டரி செட், நான்கு வால்வும் சேர்ந்தே 0.125 ஆம்பியர்தான். அதைவிட அதிகமாகத் தின்னும் பல்பை யார் வைப்பார்கள்?

கே: பச்சைக் கண் மங்கிவிட்டது, எந்தப் பல்பு? – வேலூர்

ப: அது பல்பு அல்ல, ஸ்டேஷன் சரியாகப் பிடித்ததைக் காட்டும் மேஜிக் ஐ வால்வு. உள்ளே ஒளிரும் பாஸ்பர் பூச்சு தேய்ந்துவிட்டது.

கே: மூன்று மாதத்துக்கொரு பல்பு போகிறது. டிரான்ஸ்ஃபார்மர் செட்தான். – திருச்சி

ப: ஹோல்டரில் ஏசி வோல்ட் பாருங்கள். 7 காட்டினால் மெயின்ஸ் டேப் (டிரான்ஸ்ஃபார்மரில் வீட்டு வோல்ட்டைத் தேர்ந்தெடுக்கும் இணைப்பு) 220-இல் இருக்கும், 240-க்கு மாற்றுங்கள். பத்து சதவீதம் வோல்ட் கூடினால் பல்பின் ஆயுள் மூன்றில் ஒன்றாகிவிடும். மாற்றிய பிறகும் போனால் ஒவ்வொரு 0.15 பல்புக்கும் தொடரில் 4.7 ஓம், அரை வாட். வெளிச்சம் மூன்றில் ஒரு பங்கு குறையும், ஆயுள் நான்கு மடங்காகும்.

கே: ஊரில் எங்கும் கிடைக்கவில்லை, சைக்கிள் டைனமோ பல்பு ஆகுமா? – தேனி

ப: பின்விளக்குப் பல்பு, 6 வோல்ட் 0.6 வாட், மரை ஈ10 – டிரான்ஸ்ஃபார்மர் செட்டில் ஆகும், தொடரில் 10 ஓம் வைத்து. முன்விளக்கு 2.4 அல்லது 3 வாட். வேண்டாம், டயல் வெந்துவிடும்.

கே: பல்பு மாற்றும்போதே டயல் கண்ணாடியையும் கழுவிவிடலாமா? – காரைக்குடி

ப: ஸ்டேஷன் பெயர்கள் பின்பக்கத்தில் அச்சிட்டவை. அந்தப் பக்கம் தண்ணீர், ஸ்பிரிட், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் படக்கூடாது. மென்மையான காய்ந்த பிரஷால் தூசி தட்டுங்கள், அவ்வளவுதான். 'சிலோன்' அழிந்துபோன டயலைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

கே: எல்இடி போட்டால் கரண்ட் மிச்சமாகுமே? – கரூர்

ப: ஒரு வாட்தான். எல்இடி பற்றி ஈரோட்டுக்கும் மதுரைக்கும் சொன்னதைப் படியுங்கள்.

கே: புதுப் பல்பும் மினுக்குகிறது, சத்தத்தில் கரகரப்பு வேறு. – நெல்லை

ப: ஹோல்டரில் பச்சை பிடித்திருக்கும். பிளக்கைப் பிடுங்கி, உள்சுவரையும் நடுத் தகட்டையும் நைஸ் எமரித் தாளால் தேய்த்து, தகட்டைச் சற்று மேலே நிமிர்த்துங்கள். ஹோல்டருக்கு வரும் ரப்பர் வயர் நொறுங்கினால் அதையும் மாற்றிவிடுங்கள். அங்கே ஷார்ட் ஆனால் ஹீட்டர் வைண்டிங் கருகும். ஸ்பீக்கர் அதிர்வில் மரை தளர்ந்தும் மினுக்கும், முதலில் விரலால் இறுக்கிப் பாருங்கள்.