சுருண்ட இலை இனி விரியாது, குருத்தைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். வீட்டுத் தோட்டத்தில் பதினைந்து பைகளில் மிளகாய் வைத்திருக்கிறேன். இரண்டு மாதம் அருமையாக வந்தது. இப்போது நுனி இலைகள் எல்லாம் படகைக் கவிழ்த்து வைத்தது போலச் சுருண்டுவிட்டன. கொழுந்து சிறுத்துப் போகிறது, பூ உதிர்கிறது. இரண்டு செடிகள் வளரவே இல்லை, இலையெல்லாம் மஞ்சளாக, சின்னதாக இருக்கிறது. பக்கத்தில் உள்ள செம்பருத்தியில் பஞ்சு பஞ்சாக வெள்ளைப் பூச்சி, கூடவே எறும்பு. வாரம் தவறாமல் கடலைப் புண்ணாக்குக் கரைசல் ஊற்றுகிறேன், இடையிடையே கொஞ்சம் யூரியாவும் போடுகிறேன். வேப்பெண்ணெய் அடித்துப் பார்த்தேன், பலன் இல்லை. மருந்துக் கடையில் இமிடாகுளோப்ரிட் என்று சொல்லி ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார்கள், சேர்த்து அடிக்க ஒரு டானிக்கும் தந்தார்கள். மூன்று முறை அடித்துவிட்டேன். சுருக்கம் கூடியிருக்கிறது. இதைவிட வீரியமான மருந்து எது? தண்ணீர் காலையில் ஊற்றுவதா, மாலையிலா?

பதில்: அம்மா, வீரியத்தில் குறை இல்லை. அடிக்க வேண்டிய ஆளை விட்டுவிட்டு வேறு ஆளை அடித்திருக்கிறீர்கள்.

மிளகாய் இலை விளிம்பு மேல்நோக்கி மடிந்தால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கி மடிந்து, இலைக்காம்பும் வழக்கத்தைவிட நீண்டு, கொழுந்து சிறுத்தால் மஞ்சள் சிலந்தி. நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவது. இது எட்டுக்கால் உயிரி, பூச்சி இனமே கிடையாது. உடல் நீளம் 0.2 மில்லிமீட்டர் அளவுதான், வெறும் கண்ணுக்குத் தெரியாது. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ் ஒன்று வாங்கிக் கொழுந்து இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் வரிசையாகப் பதித்த முட்டைகள் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். சிலந்தி வேகமாக நகராதே, பதினைந்து பைக்கும் எப்படிப் போனது என்று கேட்பீர்கள். வெள்ளை ஈயின் காலைப் பிடித்துக்கொண்டு செடி விட்டுச் செடி போகும். ஆண் சிலந்தி, வளர்ச்சி முடியாத பெண்ணைத் தூக்கிக்கொண்டு புதுக் கொழுந்துக்கு ஏறும்.

இமிடாகுளோப்ரிட் சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கானது. சிலந்தியை அது கொல்லாது. சிலந்தியைத் தின்னும் சின்னப் பூச்சிகள்தான் அதில் அடிபடும். இமிடாகுளோப்ரிட் அடித்த செடிகளில், இதன் உறவான செஞ்சிலந்தி முன்பைவிடக் கூடுதலாகப் பெருகியதை ஆய்வுகளே பதிவு செய்திருக்கின்றன. ஆக, மருந்து அடித்தும் சுருக்கம் கூடியதில் ஆச்சரியம் இல்லை. இந்த மருந்து தேனீக்களைப் பாதிக்கும் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் இதைத் திறந்த வெளியில் பயன்படுத்தவே தடை போட்டது. பூக்கிற மிளகாய்க்கும் செம்பருத்திக்கும் பக்கத்தில் இது எதற்கு?

இன்னொன்று. சுருக்கம் போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். போகாது. சிலந்தி ஒன்றுகூட இல்லாமல் செத்துப்போனாலும், ஒருமுறை சுருண்ட இலை விரியாது. கொழுந்தாக இருக்கும்போதே அதன் திசு கெட்டுவிட்டது. பலர் பழைய இலையைப் பார்த்துப் பார்த்து அடுத்த மருந்தை அடிக்கிறார்கள். மருந்து வேலை செய்ததா என்று அறிய, அடித்த பிறகு வந்த குருத்தை மட்டும் பாருங்கள். அது நேராக வந்தால் போதும், கையை எடுத்துவிடலாம். வேப்பெண்ணெயைக்கூட அவசரப்பட்டுத்தான் கைவிட்டிருப்பீர்கள். அது உடனே கொல்லும் மருந்து கிடையாது, தின்ன விடாமலும் வளர விடாமலும் மெதுவாக வேலை செய்யும். வெயில் பட்டால் அதன் சத்து சிதைந்துவிடும் என்பதால் மாலையில் அடிக்க வேண்டும், அதுவும் இலையின் அடியில் படும்படி. மேலே மட்டும் நனைத்தால் அடியில் இருப்பவனுக்கு ஒன்றும் ஆகாது.

சரி, இப்போது நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். எனக்கு உங்கள் கடிதத்தில் உறுத்தியது சிலந்தி இல்லை, அந்த வாராந்திரப் புண்ணாக்குக் கரைசல். கடலைப் புண்ணாக்கில் ஏறக்குறைய 7 சதவீதம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், இருக்கிறது. யூரியாவில் 46 சதவீதம். நிலத்தில் போட்டால் பரவிப் போகும், கரைந்து கீழே இறங்கும். பைக்குள் இருக்கிற கொஞ்சம் மண்ணில் வாரா வாரம் ஊற்றினால் செடிக்கு வேறு வழி இல்லை, எல்லாவற்றையும் இழுத்துத் தழையாகத் தள்ளும். இலை கரும்பச்சையாகப் பளபளக்கும். உங்களுக்கு மகிழ்ச்சி. மஞ்சள் சிலந்திக்கோ அதைவிட மகிழ்ச்சி, ஏனென்றால் அதற்கு முற்றிய இலை ஆகாது, இளசு மட்டும்தான் வேண்டும். நீங்கள் நிறுத்தாமல் இளசு கொடுத்துக்கொண்டே இருக்கிறீர்கள்.

அசுவினி, உங்கள் செம்பருத்தியில் பஞ்சு பஞ்சாக இருக்கும் மாவுப்பூச்சி, இவற்றின் கதையும் இதேதான். செடியின் சாற்றில் சர்க்கரை நிறைய, புரதம் கட்டத் தேவையான அமினோ அமிலம் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்காக இந்தப் பூச்சிகள் ஏராளமாகச் சாற்றைக் குடித்து, மிஞ்சிய சர்க்கரைத் தண்ணீரை வெளியே விடுகின்றன. இலை பிசுபிசுப்பாக இருப்பது அதனால்தான். அதில் கரும்பூசணம் படரும், அந்தச் சர்க்கரைத் தண்ணீரை நக்கத்தான் எறும்பு வரும். தழைச்சத்து கூடினால் சாற்றில் அமினோ அமிலமும் கூடும், பூச்சி வேகமாகப் பெருகும். நீங்கள் ஊட்டம் கொடுத்தது யாருக்கு என்று இப்போது தெரிகிறதா? கரைசல் வகைகளைப் பற்றிப் பேசினாலே எனக்குக் கோபம் வரும் என்று தோட்டக்காரர்கள் கேலி செய்வார்கள். இயற்கை உரம்தானே, எவ்வளவு ஊற்றினால் என்ன என்று நினைக்கிறவர்களே அதிகம். செடிக்குள் போன பிறகு தழைச்சத்து புண்ணாக்கில் இருந்து வந்ததா மூட்டையில் இருந்து வந்ததா என்று எந்த அசுவினியும் விசாரிப்பதில்லை.

ஆகவே ஒரு மாதத்துக்குக் கரைசலும் வேண்டாம், யூரியாவும் வேண்டாம். அதற்குப் பிறகும் யூரியா பக்கம் போகாதீர்கள். பைக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம், மாதத்துக்கு ஒருமுறை, மேல்மண்ணைக் கிளறிப் போட்டால் மிளகாய்க்குத் தாராளம். பூ உதிர்வதற்குச் சிலந்தி ஒரு காரணம், தழைப்பு இன்னொன்று. இரண்டும் அடங்கினால் அதுவும் பெரும்பாலும் அடங்கும். தனி மருந்து தேவையில்லை.

அந்த டானிக்கையும் தூக்கி வையுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று விற்றவருக்கே தெரிந்திருக்காது. நீங்கள் ஓர் இலையாவது கிள்ளிக்கொண்டு போய்க் காட்டினீர்களா, அவர் அதன் அடிப்பக்கத்தைத் திருப்பியாவது பார்த்தாரா? சுருக்கம் என்று சொன்ன உடனே கை தானாக அலமாரிக்குப் போகிற கடைகள்தான் நிறைய. மூல டப்பாவில் இருந்து பெயர் இல்லாத பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பது அதைவிட மோசம். எத்தனை மில்லி, அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம், குழந்தை கை பட்டால் என்ன செய்வது, எல்லாம் லேபிளில்தான் இருக்கிறது. லேபிள் இல்லாத மருந்தை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். அடித்த அளவு தெரியாததால், இப்போது செடியில் தொங்குகிற காயைச் சமையலுக்கு எடுக்காமல் பறித்து அப்புறப்படுத்திவிடுங்கள். மீதி மருந்தைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்ட வேண்டாம், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைத்து, அபாயக் கழிவு எடுக்கும் இடத்தில் சேருங்கள்.

இப்போது செய்ய வேண்டியது. முதலில் மஞ்சளாகக் குன்றி நிற்கும் அந்த இரண்டு செடிகளைப் பிடுங்குங்கள். அது வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு வைரஸாகத் தெரிகிறது, அதற்கு மருந்தே கிடையாது. மனசு கேட்காமல் வைத்திருந்தால் மற்றதற்கும் பரவும். அப்புறம் மீதிச் செடிகளில் சுருண்ட நுனிகளை இரண்டு மூன்று விரல் நீளத்துக்கு வெட்டி, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். மக்கு உரக் குழிக்குள் போட வேண்டாம். சிலந்தியின் பெரும்பங்கு அந்த நுனிகளில்தான் இருக்கிறது, பாதி வேலை கத்தரிக்கோலிலேயே முடிந்துவிடும்.

அதன் பிறகு நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்), 80 சதவீதம், லிட்டருக்கு 2 கிராம். மாலையில், இலையின் அடியும் குருத்தும் நனைய அடியுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு முறை. வெயில் 32 டிகிரியைத் தாண்டுகிற நாளில் வேண்டாம், இலை கருகும். வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகாத செடியில் கண்டிப்பாகக் கூடாது. பக்கத்தில் வெள்ளரி, பூசணி இனச் செடிகள் இருந்தால் அவற்றின்மேல் படாமல் பாருங்கள், பல வகைகள் கந்தகத்தைத் தாங்காது. முதலில் ஒரே ஒரு செடியில் அடித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றதற்குப் போங்கள்.

செம்பருத்திக்கு மருந்தே வேண்டாம். மாவுப்பூச்சி அப்பிய கிளைகளை வெட்டிவிட்டு, மீதியைத் தண்ணீர்க் குழாயால் வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள், மூன்று நாளுக்கு ஒருமுறை, இரண்டு வாரம். எறும்பை மறித்தால்தான் இது நிற்கும். சர்க்கரைத் தண்ணீருக்காக எறும்பு மாவுப்பூச்சிக்குக் காவல் நிற்கும், தின்ன வரும் பொறிவண்டை விரட்டும். தண்டில் ஒரு பட்டையைச் சுற்றி அதன்மேல் கிரீஸ் தடவுங்கள், பட்டை சுற்றாமல் நேராகத் தண்டிலேயே கிரீஸ் பூசினால் தண்டு புண்ணாகும். சுவரையோ அடுத்த செடியையோ தொடும் கிளையைக் கத்தரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் எறும்பு அந்த வழியாக ஏறிக்கொள்ளும். முதலை போல நீளமாக, கறுப்பாக, முதுகில் ஆரஞ்சுப் புள்ளியோடு ஏதாவது ஊர்ந்தால் நசுக்காதீர்கள். அது பொறிவண்டின் குஞ்சு.

தண்ணீர் காலையில் ஊற்றுங்கள். விரலை மண்ணில் இரண்டு கணு விட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் அன்றைக்கு வேண்டாம். மூன்று வாரம் கழித்து மறுபடி எழுதும்போது செடி முழுக்கத் தெரிகிற படம் வேண்டாம், புதுக் குருத்தின் அடிப்பக்கத்தைக் கிட்டத்தில் எடுத்து அனுப்புங்கள்.