டர்பனில் தீயும் குளோ பிளக்

கேள்வி: ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கும் மாமா, 46 இன்ஜின் (0.46 கன அங்குலம்) போட்ட தன் ரேடியோ கண்ட்ரோல் பயிற்சி மாடல் விமானத்தை எனக்குக் கொடுத்துவிட்டார். அங்கே அருமையாகப் பறந்தது. பக்கியில் (பிக்கப் வண்டியில்) ஏற்றி டர்பனில் சாட்ஸ்வொர்த் கொண்டுவந்தேன். ஒரே காலையில் மூன்று குளோ பிளக் (சூடான கம்பியால் எரிபொருளைப் பற்றவைக்கும் பிளக்) போய்விட்டது. மட்டமான பிளக்கா?

பதில்: பிளக் மேல் பழி போடாதீர்கள். வான் ரீனன் கணவாய் இறங்கி வந்தபின் நீடிலை (எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசித் திருகை) திருப்பினீர்களா? கேள்வியில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. என் சந்தேகம் முழுக்க அங்கேதான்.

ஜோஹன்னஸ்பர்க் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,750 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. அதற்கு ஏற்றபடி மாமா நீடிலை நன்றாக மூடி வைத்திருப்பார். டர்பனில் அதே இன்ஜின் அதிகக் காற்றை இழுக்கிறது, எரிபொருளோ பழைய அளவுதான். கலவை லீன் ஆகிவிடுகிறது, அதாவது காற்றுக்கு எரிபொருள் போதவில்லை. இன்ஜினைக் குளிர்விப்பது ஆவியாகும் மெத்தனால், வழுக்கல் தருவது அதில் கலந்த எண்ணெய். இரண்டும் சேர்ந்து குறைகின்றன.

இந்த இன்ஜினில் தீப்பொறி நேரத்தைச் சொல்ல எதுவும் இல்லை. ஸ்டார்ட் ஆனதும் பிளக்கின் பேட்டரியைக் கழற்றிய பிறகு, முந்தைய எரிப்பின் சூடும் பிளாட்டினக் கம்பியில் மெத்தனால் படும்போது நடக்கும் வினையும்தான் கம்பியைச் சிவப்பாக வைத்திருக்கின்றன. சூடும் அழுத்தமும் கூடினால் கலவை முன்கூட்டியே வெடிக்கும். அந்த அடி மெல்லிய கம்பியில்தான் விழுகிறது.

செத்த பிளக்கை வெளிச்சத்தில் பாருங்கள். கம்பி வெளுத்தோ நெளிந்தோ அறுந்தோ இருந்தால் லீன்தான். சாம்பல் நிறத்தில் சிறு மணிகள் ஒட்டியிருந்தால் அது உள்ளே உருகிய அலுமினியம். மேற்கொண்டு ஓட்டாமல் ஹெட்டைக் கழற்றி பிஸ்டனைப் பாருங்கள்.

புதுப் பிளக் போட்டு நீடிலை அரைச் சுற்று திறந்து ஸ்டார்ட் பண்ணுங்கள். முழு திராட்டிலில் சத்தம் தடதடவென்று, புகை தாராளமாக வரவேண்டும். பிறகு ஒவ்வொரு கிளிக்காக மூடுங்கள். சத்தம் இழைந்து உச்சத்துக்கு வந்ததும் இரண்டு மூன்று கிளிக் திரும்பத் திறந்துவிடுங்கள். கூட ஒருவர் விமானத்தை இறுகப் பிடித்து மூக்கை வானத்துக்கு உயர்த்தட்டும்; வேகம் தொய்ந்தால் இன்னும் லீன். இதெல்லாம் புரொப்பெல்லருக்குப் பின்னால் நின்றுதான். இதில் மட்டும் அவசரம் வேண்டாம்.

அப்படியும் பிளக் போனால் எரிபொருள் குழாயில் குமிழி ஓடுகிறதா பாருங்கள்; டேங்கின் உள்குழாயில் ஊசித்துளை இருந்தாலும் காற்று கலந்து லீன் ஆகும். அடுத்தது, நைட்ரோ (நைட்ரோமீத்தேன்) குறைந்த எரிபொருளும் ஒரு படி 'கோல்டு' பிளக்கும் (சூடு குறைவாகத் தேங்கும் வகை) போட்டுப் பாருங்கள். டர்பன் ஈரத்தில் மெத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், கேனை மூடியே வையுங்கள்.

ஸ்டார்ட் ஆகுமுன்பே பிளக் தீய்ந்தால் குற்றம் கரண்டில். 1.2 முதல் 1.5 வோல்ட் போதும். கம்பி பளிச்சென்ற ஆரஞ்சாக ஒளிரவேண்டும், வெள்ளையாக அல்ல. 12 வோல்ட் பேட்டரியை நேரே கொடுத்தால் கண்ணிமைக்குமுன் போய்விடும்.

சரியான இடம் கிடைத்ததும் நீடில் தலையில் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வையுங்கள், மூடியதிலிருந்து எத்தனை சுற்று என்றும் குறித்துக்கொள்ளுங்கள். மறுபடி மாமா வீட்டுக்குப் போகும்போது அங்கிருந்து மூடத் தொடங்கலாம்.