ரெண்டரில் ஆள் நடமாட்டம்: எல்லைப் பக்கத்து வாசகர் கேள்விகள்

பாலக்காடு, சித்தூர், வாளையார் பக்கமிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் பாதி ஒரே விஷயத்தைப் பற்றித்தான்: ரெண்டரில், அதாவது கட்டும் முன்பே கம்ப்யூட்டரில் செய்யும் கட்டடப் படத்தில், கட்டடம் நன்றாக வருகிறது, ஆட்களை வைத்ததும் படம் கெட்டுப்போகிறது. அவற்றில் சில மட்டும் இங்கே.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): சார், தெரு வியூவில் ஃபோட்டோஷாப்பில் 20 பேரை ஒட்டினேன். எல்லோரும் மிதக்கிற மாதிரி இருக்கிறது. என்ன தப்பு?

பதில்: முதலில் தலைகளைப் பாருங்கள். கேமரா 1.6 மீட்டர் உயரத்தில் இருந்து, தரையும் சமமாக இருந்தால், நிற்கிற பெரியவர்கள் எல்லோருடைய கண்ணும் அடிவானக் கோட்டை ஒட்டியே வரும். ஆள் பக்கத்தில் நின்றாலும் தூரத்தில் நின்றாலும் அப்படித்தான். பாதம் மட்டுமே மேலே கீழே போகும். தூரத்து ஆள்தானே என்று சின்னதாக்கித் தலையையும் கோட்டுக்குக் கீழே இறக்கினால், அவர் பள்ளத்தில் நிற்கிறார் என்று அர்த்தம். குழந்தைகளும் உட்கார்ந்திருப்பவர்களும் கீழே வரலாம். படிக்கட்டோ சரிவோ இருந்தால் கணக்கே வேறு.

அப்புறம் நிழல். மிதக்கிற மாதிரி தெரிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். செருப்புக்கு அடியில் ஒரு கோடு போல அடர்ந்த இருட்டு வேண்டும். தரையில் நீளும் மெல்லிய நிழல் தனி. இரண்டையும் ஒரே லேயரில் போட்டு பிளர் செய்துவிடாதீர்கள். நிழல் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பதை ஊர்தான் சொல்ல வேண்டும். பாலக்காடு கிட்டத்தட்ட 10.8 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாவது வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் உச்சி வெயில் நேராகத் தலைக்கு மேல் வரும். நிழல் காலடியிலேயே சுருண்டுவிடும். அந்த உச்சியும் கடிகாரத்தில் 12 மணிக்கு வராது, 12.20 தாண்டித்தான் வரும். இடைப்பட்ட மே, ஜூன், ஜூலையில் நண்பகல் நிழல் தெற்கே விழும். சாஃப்ட்வேரில் லொக்கேஷனை மாற்றாமல் விட்டால், கட்டடத்தின் நிழல் ஏதோ ஒரு வெளிநாட்டு ஊரின் கணக்கில் போகும், நீங்கள் ஒட்டிய ஆளின் நிழல் வேறு எங்கோ போகும். பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஆனால் என்னவோ சரியில்லை என்று மட்டும் சொல்லிவிடுவார்.

கேள்வி (வேலந்தாவளம்): ரெடிமேட் ஆள் படங்கள் கிடைக்கும் லைப்ரரியில் நம்மூர் ஆட்கள் குறைவு. இருக்கிறவர்களை ஃப்ளிப் செய்து (இடம் வலமாகத் திருப்பி) எண்ணிக்கையைக் கூட்டலாமா?

பதில்: ஜீன்ஸ், டி-ஷர்ட் ஆசாமிகளைத் தாராளமாகத் திருப்புங்கள். சேலையைத் திருப்பினால் முந்தானை வலது தோளுக்குப் போய்விடும்; படத்தைப் பார்க்கும் எந்த அம்மாவும் அதை ஒரு நொடியில் பிடித்துவிடுவார். ஆண்கள் சட்டையில் பட்டன் பட்டி மாறும். முண்டு (கேரள வேட்டி) இன்னும் வம்பு. கேரளத்தில் முஸ்லிம்கள் பொதுவாக அதன் வெளி ஓரம் இடப்பக்கம் வரும்படி உடுத்துவார்கள், இந்துக்கள் வலப்பக்கம். கோயில் வாசலில் நிற்கிற பெரியவரைத் திருப்பினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. திருப்புவதற்குப் பதில் சட்டை நிறத்தை மாற்றுங்கள், கையில் குடையோ துணிப்பையோ கொடுங்கள்.

இன்னொன்று. வாளையாரைத் தாண்டிய பிராஜெக்ட் என்றாலே எல்லோருக்கும் கசவு (ஜரிகைக் கரை போட்ட கேரள உடை) மாட்டிவிடும் பழக்கம் நம் கோயமுத்தூர் ஆபீஸ்களில் இருக்கிறது. அது ஓணத்துக்குச் சரி. சாதாரண செவ்வாய்க்கிழமையில் சுடிதார், பேன்ட்-சட்டை, கைலி, முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய முண்டு, வெயிலுக்கே விரித்த குடை, இவ்வளவுதான்.

கேள்வி (பாலக்காடு): கல்பாத்திக்குப் பக்கத்தில் சின்ன வணிக வளாகம். தேர் நாள் கூட்டத்தோடு ஒரு வியூ வேண்டும் என்கிறார் க்ளையன்ட். எத்தனை பேர் போடுவது?

பதில்: தலையை எண்ணுவதற்கு முன் தரையை அளந்துகொள்ளுங்கள். 4 சதுர மீட்டருக்கு ஒருவர் என்றால் தாராளமாக உலாவலாம். ஒரு சதுர மீட்டருக்கு ஒருவர் என்றால் சந்தைக் கூட்டம். இரண்டு மூன்று பேர் என்றால் நகர்ந்து நகர்ந்துதான் போக வேண்டும். ஐந்தைத் தாண்டினால் அது திருவிழா அல்ல, ஆபத்தான நெரிசல். அப்படி ஒரு படத்தை எந்தக் க்ளையன்டுக்கும் கொடுக்காதீர்கள். உங்கள் முன்வெளி 600 சதுர மீட்டர் என்று வையுங்கள்: சாதாரண நாளுக்கு 150 பேரே அதிகம், தேர் நாளுக்கு 600 போதும். அதிலும் முன்வரிசை மறைத்ததுபோகப் பாதிப் பேர் தலையாக மட்டுமே தெரிவார்கள்.

எண்ணிக்கையைவிட அவர்கள் எப்படி நிற்கிறார்கள் என்பது முக்கியம். ஆட்களைத் தானாகப் பரப்பும் ஸ்கேட்டர் டூல் எல்லோரையும் சம இடைவெளியில் தூவிவிடும். மனிதர்கள் அப்படி நிற்பதில்லை. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடப்பார்கள். மூன்று பேர் போனால் நடுவில் இருப்பவர் சற்றுப் பின்தங்குவார், அப்போதுதான் மற்ற இருவரின் முகம் அவருக்குத் தெரியும். சுவர் ஓரம், திண்ணை, நிழல் விழும் பக்கம் முதலில் நிரம்பும். தேர் உங்கள் ஃப்ரேமுக்குள் இல்லாவிட்டாலும் பத்தில் ஏழு முகமாவது தேர் வரும் திசையில் திரும்பியிருக்கட்டும். மீதிப் பேருக்கு வேறு வேலை கொடுங்கள்: பலூன் கேட்டு இழுக்கிற குழந்தை, செல்போனைத் தூக்கிப் பிடிக்கிறவர், கூட்டத்துக்கு முதுகைக் காட்டி வியாபாரம் பார்க்கிற கடைக்காரர். கல்பாத்தித் தேர் நவம்பரில் வருவதால் அப்போது வெயில் தெற்கிலிருந்து சாயும், நண்பகல் நிழல் வடக்கே போகும்.

கூடவே சாதாரண நாள் வியூ ஒன்றையும் கேட்காமலே கொடுத்துவிடுங்கள். கடை வாடகைக்கு எடுக்க வருகிறவர் அதைத்தான் அதிக நேரம் பார்ப்பார்.

கேள்வி (கஞ்சிக்கோடு): 3டி ஆட்கள் 30 பேர் வைத்ததும் ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்டு) மெமரி நிரம்பி ரெண்டர் நின்றுவிடுகிறது.

பதில்: உருவத்தை ஆக்கும் சின்னச் சின்ன முகங்களான பாலிகன்மேல் பழி போடாதீர்கள், முதலில் அதன் மேல் போர்த்தும் படமான டெக்ஸ்சரைப் பாருங்கள். ஒரு 4கே (4096 x 4096 பிக்சல்) டெக்ஸ்சரைச் சுருக்காமல் ஏற்றினால் 64 எம்பி. ஆளுக்கு மூன்று என்றால் 30 பேருக்கு 90 படம், 5.6 ஜிபிக்கு மேல். ரெண்டரில் 200 பிக்சல் உயரமே வரும் ஆளுக்கு இது எதற்கு? அவருக்கு 1கே (1024 x 1024) போதும், அது 4 எம்பிதான். ஒரே ஆளை இன்ஸ்டன்ஸாக (தனி நகல் எடுக்காமல் அதே ஆளையே திரும்பக் காட்டி) பத்து இடத்தில் வைத்தாலும் டெக்ஸ்சர் ஒருமுறைதான் ஏறும். பத்தும் ஒரே பக்கம் பார்க்காமல் சுழற்றி வையுங்கள்.

கேள்வி (சித்தூர்): லாபி பெரிதாகத் தெரிய ஆட்களைக் கொஞ்சம் குட்டையாக்கச் சொல்கிறார் பில்டர்.

பதில்: செய்யாதீர்கள். 2016-இன் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டம் 12-ஆம் பிரிவின்படி, விளம்பரத்தில் உள்ள பொய்த் தகவலை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்கு பில்டர் ஈடுகட்ட வேண்டும். பெரிதாகக் காட்டித்தான் தீர வேண்டும் என்றால் கூட்டத்தைக் குறையுங்கள். காலித் தரை தானே அகலமாகத் தெரியும்.

கேள்வி (வாளையார்): பஸ் ஸ்டாண்டில் நிற்பவர்களை மொபைலில் எடுத்து வெட்டி ஒட்டலாமா?

பதில்: முகம் தெரிகிற ஆளை அவர் சம்மதமில்லாமல் விற்பனைப் படத்தில் போடாதீர்கள். தெரிந்தவர்களைக் கூப்பிட்டு, எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு, மேகமூட்டமான நாளில் மொட்டை மாடியில் எடுங்கள். அந்த வெளிச்சத்தில் எடுத்த ஆள் மேல் வெயில் எந்தப் பக்கமும் பதிந்திருக்காது; எந்தத் திசை நிழலையும் நீங்களே போட்டுக்கொள்ளலாம். தள்ளி நின்று, மொபைலைக் கண் உயரத்தில் பிடித்து, ஜூம் செய்து எடுங்கள். கிட்டே போய் எடுத்தால் தலை பெருத்துக் கால் குட்டையாகிவிடும்.