வாசகர் கேள்வி: மறதிக்கு ஆன்டிஆக்ஸிடன்ட் கேப்சூல் கொடுக்கலாமா?

கேள்வி (வாசகி, தண்டையார்பேட்டை): மாமனாருக்கு 68 வயது. சர்க்கரைக்கு 12 வருடமாக மெட்ஃபார்மின், இதயத்துக்கு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சாப்பிடுகிறார். நாலைந்து மாதமாகச் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார், அடுப்பை அணைக்க மறக்கிறார். மூளைக்கு நல்லதென்று உறவினர் ஒருவர் ஆன்டிஆக்ஸிடன்ட் கேப்சூல் வாங்கித் தந்தார். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். டப்பாவின் பின்பக்கம் பாருங்கள். இப்படிப்பட்ட கேப்சூல் பலவற்றில் வைட்டமின் ஈ 400 யூனிட் இருக்கும். உடம்பின் அன்றாடத் தேவையைப் போல் அது பத்து மடங்குக்கும் மேல். அந்த அளவு ரத்தம் உறைவதைத் தடுக்கும். அவர் சாப்பிடும் இரண்டு மாத்திரைகளும் அதே வேலையைத்தான் செய்கின்றன. மூன்றும் சேர்ந்தால் ஈறில் ரத்தம் கசியலாம், மூளைக்குள்ளேயே கசியவும் வாய்ப்புண்டு.

பலனாவது உண்டா? லேசான மறதி உள்ளவர்களுக்குத் தினம் 2,000 யூனிட் வைட்டமின் ஈ மூன்று வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். அல்சைமர் வருவது குறையவில்லை என்று 2005-ல் முடிவு வந்தது. 3,000-க்கும் அதிகமான முதியவர்களிடம் ஜிங்கோ என்ற மர இலைச் சாறு 120 மில்லிகிராம் தினம் இருவேளை கொடுத்த ஆய்வு 2008-ல் வெளியானது. அதிலும் மறதிநோய் குறையவில்லை. அல்சைமர் உறுதியானவர்களுக்கு மட்டும், வைட்டமின் ஈ கொடுத்து 2014-ல் வந்த ஆய்வில், அன்றாட வேலை செய்யும் திறன் சரிவது சற்று மெதுவானது. அது டாக்டர் முடிவு செய்ய வேண்டிய மருந்து.

எங்களுக்கு உறுத்துவது அந்த 12 வருட மெட்ஃபார்மின். குடல் பி12 வைட்டமினை உறிஞ்சுவதை அது குறைக்கும். பி12 குறைந்தால் மறதியும் வரும், பாதமும் மரத்துப்போகும். நேரத்தில் பிடித்தால் பெரும்பாலும் தேறிவிடலாம். பி12, டிஎஸ்ஹெச் (தைராய்டு பரிசோதனை) இரண்டுக்கும் ரத்தம் கொடுங்கள். பி12 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடுதான். ஊசியா மாத்திரையா என்பதை டாக்டர் சொல்வார்.

கேப்சூலை ஏற்கெனவே தொடங்கியிருந்தால் ஒரு சிக்கல். அதில் பயோட்டின் என்ற பி வைட்டமின் இருந்தால் தைராய்டு ரிசல்ட் தப்பாக வரலாம். கலந்திருக்கும் கொஞ்சம் பி12 குறைபாட்டை மறைத்துவிடலாம். பயோட்டின் வெளியேற, நிறுத்தி மூன்று நாள் கழித்து ரத்தம் கொடுங்கள். என்ன சாப்பிட்டார் என்பதை லேபிலும் டாக்டரிடமும் சொல்லுங்கள். சளிக்கும் தூக்கத்துக்கும் மெடிக்கலில் தானாக வாங்கும் மாத்திரைகளையும் எடுத்துப் போங்கள். அவற்றில் சில மறதியைக் கூட்டும்.

காசிமேட்டு மத்தியைக் குழம்பு வைத்து வாரம் இரண்டு நாள் கொடுங்கள், தினம் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும். சாப்பாட்டில் வரும் வைட்டமின் ஈயால் பயமில்லை.

இதைவிட அவசரமான ஒன்று: கடந்த சில வாரங்களில் குளியலறையில் வழுக்கினாரா, தலையில் லேசாகவாவது இடித்துக்கொண்டாரா? இந்த மாத்திரைகள் சாப்பிடுபவருக்குச் சின்ன அடியிலும் மண்டைக்குள் ரத்தம் மெல்லக் கட்டலாம். கூடவே தலைவலி, நடையில் தள்ளாட்டம், பகலில் தூக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் ரத்தப் பரிசோதனைக்குக் காத்திராமல் அன்றைக்கே ஸ்டான்லி அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போய் சிடி ஸ்கேன் பற்றிக் கேளுங்கள். ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரலையும் மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.