சைக்கிளில் லாவோஸ் மலைநாடு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் நண்பர்கள் மூவர், வரும் ஏப்ரலில் வடக்கு லாவோஸின் மலைப்பகுதியை மூன்று வாரம் சைக்கிளில் சுற்றிவர எண்ணியுள்ளோம். பயண நிறுவனம் எதையும் நாடாமல் நாங்களே திட்டமிடுகிறோம். ஞாயிறுதோறும் தாராபுரம் வரை மிதித்துத் திரும்பும் பழக்கம் இருப்பதால், நாளொன்றுக்கு 100 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். இது சரிவருமா?
— வாசகர், திருப்பூர்

பதில்: பயணம் சரிவரும், நீங்கள் தேர்ந்தெடுத்த மாதமும் போட்ட கணக்கும் சரிவரா.

முதலில் மாதம். மார்ச், ஏப்ரல் மாதங்களில் வடக்கு லாவோஸின் மலைச்சரிவுகளில் புதர்க்காட்டை வெட்டித் தீயிட்டு விதைப்புக்கு நிலத்தைத் தயார் செய்வார்கள். புகைமூட்டம் நாட்கணக்கில் கலையாமல் நிற்கும். ஏற்றத்தில் மூச்சு வாங்க மிதிப்பவருக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. ஏப்ரல் நடுவில், நமக்குச் சித்திரை பிறக்கும் அதே நாட்களில், அவர்களுக்கும் புத்தாண்டு பிறக்கிறது. தண்ணீர் ஊற்றிக் கொண்டாடும் அந்த நாட்களில் கடைகள் பல அடைத்திருக்கும். குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவர்களும் மிகுதி. மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம், மண்சரிவுக் காலமும் அதுவே. ஆகவே நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரித் தொடக்கம் வரையிலான காலமே தகுந்தது. பொங்கல் விடுமுறையோடு சேர்த்துக் கூடுதல் விடுப்புக் கேட்டுப் பாருங்கள். கம்பெனி எப்படியும் சில நாள் அடைத்திருக்கும் என்பதால் முதலாளிக்கும் சங்கடம் குறைவு.

வெயில் நமக்குப் புதிதா என்று கேட்பீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் கொங்குச் சீமையின் காற்று வறண்டது. வியர்வை சுரந்ததும் உலர்ந்து உடலைக் குளிர்விக்கிறது. ஈரப்பதம் மிகுந்த பள்ளத்தாக்குகளில் வியர்வை வழிந்துகொண்டே இருக்குமே தவிர உலராது, உடம்பின் சூடும் இறங்காது. மே மாதத்தில் ஒருமுறை வாளையாறு தாண்டித் திருச்சூர்ப் பக்கம் மிதித்துப் பார்த்தால் இந்த வேறுபாடு விளங்கிவிடும்.

இனிக் கணக்கு. உங்கள் மூன்று வாரத்துக்குப் பொருந்தும் சுற்று ஒன்று உண்டு. லுவாங் பிரபாங்கில் தொடங்கி, கியூகச்சாம், பூகூன் வழியாகப் போன்சவானை அடைந்து, அங்கிருந்து வடக்கே திரும்பி, வியங்தோங், நோங்கியாவ் வழியாக மீண்டும் லுவாங் பிரபாங்குக்கு வந்து சேரலாம். மொத்தம் ஏறத்தாழ 700 முதல் 800 கிலோமீட்டர். நாளுக்கு 100 என்றால் எட்டே நாளில் முடிந்துவிடும்போல் தோன்றும். ஆனால் முதல் கட்டத்தையே பாருங்கள். லுவாங் பிரபாங் கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கியூகச்சாம் 1,300 மீட்டருக்கு மேல். இடையிலுள்ள தூரம் 80 கிலோமீட்டர்தான் என்றாலும், ஒரு மலையை ஏறி, ஆற்றுப்பாலம் வரை முழுவதுமாக இறங்கி, ஏறியதை மறுபடியும் ஏறினால்தான் அந்த ஊர் வரும். சுமையோடு ஏறும்போது மணிக்கு 6 அல்லது 7 கிலோமீட்டருக்கு மேல் நகராது. டிசம்பரில் மாலை ஐந்தரை மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும் நாட்டில், இருட்டியபின் மலைச்சாலையில் சைக்கிள் ஓட்டும் நிலை ஒருநாளும் வரக்கூடாது.

ஆகவே கிலோமீட்டரை ஒதுக்கிவிட்டு இரண்டு கேள்விகளை வைத்து ஒவ்வொரு நாளையும் வகுத்துக்கொள்ளுங்கள்: இன்று மொத்தம் எத்தனை மீட்டர் ஏற வேண்டும்? தங்கும் விடுதி உள்ள அடுத்த ஊர் எது? நாளொன்றுக்குச் சராசரியாக 50 கிலோமீட்டர் வைத்தால் ஓட்டுவதற்குப் பதினைந்து நாள், ஓய்வுக்கு இரண்டு நாள், போக்குவரத்துக்கு நான்கு நாள் என்று உங்கள் 21 நாளும் நிறைவாக அமையும்.

பயிற்சிக்குக் கொல்லிமலைக்குப் போங்கள். காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளைச் சுமையேற்றிய சைக்கிளில், அடுத்தடுத்த இரண்டு நாளும் ஏற முடிந்தால் லாவோஸ் உங்களுக்கு எட்டும். முதல் நாள் ஏறுவது பெரிதில்லை. மறுநாள் காலையில் கால் என்ன சொல்கிறது என்பதே சோதனை. திம்பத்தின் 27 வளைவுகள் ஆசை காட்டும்தான். ஆனால் அது புலிகள் காப்பகத்துக்குள் யானை நடமாடும் சாலை, லாரிகளும் ஓயாமல் ஏறும். பயிற்சிக்கு அந்த இடம் வேண்டாம்.

கடைசியாக, மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் லாவோஸ் மீது 20 லட்சம் டன்னுக்கும் அதிகமான குண்டுகளை வீசின. கொத்துக்குண்டுகளிலிருந்து சிதறிய சிறு குண்டுகள் மட்டும் சுமார் 27 கோடி. அவற்றில் ஏறத்தாழ 8 கோடி வெடிக்காமல் மண்ணில் தங்கிவிட்டன என்று மதிப்பிடப்பட்டுள்ளது. நீங்கள் கடக்கப்போகும் போன்சவான் அமைந்துள்ள சியாங்குவாங் மாகாணம் மிகக் கடுமையாகத் தாக்கப்பட்ட பகுதிகளில் ஒன்று. குண்டின் இரும்புக்கூட்டை வேலிக்காலாகவும் வீட்டுக்குத் தூணாகவும் நட்டிருப்பதைச் சாலையோர ஊர்களிலேயே காணலாம். கைக்குள் அடங்கும் உருண்டையாகத் துருப்பிடித்துக் கிடக்கும் சிறு குண்டு இன்றும் வெடிக்கும். எனவே காட்டோரம் கூடாரம் போடும் எண்ணத்தைக் கைவிடுங்கள். சிறுநீர் கழிக்க ஒதுங்கினாலும் மக்கள் நடந்து தேய்ந்த தடத்தை விட்டு விலகாதீர்கள்.

விசா, பணம் ஆகியவற்றில் பெரிய சிக்கல் இல்லை. இணையவழி விசாவில் 30 நாள் தங்கலாம். அந்த விசா எந்தெந்த நுழைவிடங்களில் செல்லும் என்பதை விண்ணப்பிக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். நம் ரூபாயை அங்கே மாற்ற முடியாது என்று வைத்துக்கொண்டு டாலர் கொண்டு போங்கள். ஏடிஎம் பெரிய ஊர்களில்தான் இருக்கும் என்பதால் அடுத்த நான்கைந்து நாளுக்கான கிப் நோட்டு எப்போதும் கையில் இருக்கட்டும்.

கேள்வி: இத்தகைய பயணத்துக்கு என்ன சைக்கிள் வாங்கலாம்? ஒரு லட்சம் ரூபாய் வரை செலவிடத் தயார்.
— வாசகர், பெருந்துறை

பதில்: அந்த ஒரு லட்சத்தை விமானச் சீட்டுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் ஏற்கெனவே கியர் சைக்கிள் ஒன்று இருக்குமானால், 40 மில்லிமீட்டர் அகல டயர் அதில் நுழைகிறதா, பின்னால் கேரியர் பூட்டத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் அதுவே போதும். மிதிகட்டையோடு சுழலும் பல்சக்கரங்களில் சிறியதில் உள்ள பற்களைவிடப் பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்தில் பற்கள் கூடுதலாக இருக்க வேண்டும்; அப்போதுதான் சுமையோடு உட்கார்ந்தபடியே ஏற முடியும். புதிதாக வாங்கியே தீரவேண்டுமென்றால் இரும்புச் சட்டம் உள்ளதாக வாங்குங்கள். சட்டத்தில் விரிசல் விட்டால் வெல்டிங் பட்டறை உள்ள எந்த ஊரிலும் பற்றவைத்துக்கொள்ளலாம். கார்பன் சட்டத்துக்கு அந்த வசதி கிடையாது.

ஏற்றத்தைப் பற்றியே எல்லோரும் கேட்கிறார்கள். சைக்கிளைக் கெடுப்பது இறக்கம். ரிம் பிரேக் உள்ள சைக்கிளில் கொல்லிமலை இறங்கியதும் நிறுத்திச் சக்கரத்தைக் கழற்றி, பிரேக் கட்டையின் முகத்தைப் பாருங்கள். ரிம்மிலிருந்து பிய்ந்த அலுமினியத் துணுக்குகள் ரப்பரில் பதிந்து மினுங்கும். ஊசிமுனையால் அவற்றை நெம்பி எடுக்காவிட்டால் அடுத்த இறக்கத்தில் ரிம்மையே அறுத்துவிடும். கட்டையிலுள்ள பள்ளக்கோடு மறைந்திருந்தால் கட்டையையே மாற்றிவிடுங்கள். மாற்றுக் கட்டை இரண்டு ஜோடி, ஸ்போக் நான்கு, செயின் இணைப்பு, டியூப் இரண்டு, கியரைத் தாங்கும் சிறு கொக்கி ஒன்று ஆகியவை பையில் கட்டாயம் இருக்க வேண்டும். விமானத்துக்கான அட்டைப்பெட்டியைச் சைக்கிள் கடையில் கேட்டாலே கொடுத்துவிடுவார்கள்.

கேள்வி: 24 வயதான என் மகள் தன் தோழியுடன் லாவோஸுக்குச் சைக்கிளில் போகப் பிடிவாதமாக இருக்கிறாள். அனுப்பலாமா? உடல்நலத்துக்கு என்ன முன்னேற்பாடு வேண்டும்?
— ஒரு தாய், கோபிசெட்டிப்பாளையம்

பதில்: அனுப்பலாம், அம்மா. வழிநெடுகக் குழந்தைகள் ‘சபாய்தீ’ என்று வணக்கம் சொல்லும் நாடு அது. மனிதர்களைவிட நாய், கொசு, தண்ணீர் ஆகியவற்றைக் குறித்தே உங்கள் மகள் கூடுதலாகக் கவலைப்பட வேண்டும். புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து, வெறிநாய்க்கடி, டைபாய்டு, கல்லீரல் அழற்சி ஆகியவற்றுக்கான தடுப்பூசிகளைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். முன்கூட்டியே தடுப்பூசி போட்டிருந்தாலும், நாய் கடித்தால் காயத்தைச் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போயே ஆகவேண்டும். பலத்த காயம் என்றால் எல்லை தாண்டித் தாய்லாந்தின் உடோன் தானிக்குக் கொண்டு செல்வார்கள் என்பதால், காப்பீட்டில் அந்தச் செலவும் அடங்கியிருக்க வேண்டும்.

வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டு நாளெல்லாம் மிதித்தால் உடலில் உப்பு குறைந்து மயக்கம் வரும். ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: 2024 நவம்பரில் வாங்வியங் நகரில் மெத்தனால் கலந்த மதுவால் வெளிநாட்டுப் பயணிகள் ஆறு பேர் இறந்தார்கள். விருந்தோம்பலாகக் கொடுத்தாலும் சாராய வகை எதையும் தொடக்கூடாது.

உங்கள் மனநிம்மதிக்கு, தினமும் மாலை ஆறு மணிக்குள் தங்கும் ஊரின் பெயரைச் செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள். மலையில் சில இடங்களில் சிக்னல் இராது. ஒரு நாள் செய்தி வரவில்லை என்பதற்காகத் தூதரகத்துக்குத் தொலைபேசி போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: நான் சைவம். அங்கே பட்டினி கிடக்க நேருமா?
— வாசகர், காங்கேயம்

பதில்: நேராது. ஆனால் சாப்பாட்டில் ருசி பார்க்க முடியாது. மூங்கில் கூடையில் ஆவியில் வேகவைத்த ஒட்டரிசிச் சோறு எல்லா ஊரிலும் கிடைக்கும், வாழைப்பழமும் கிடைக்கும். கூடவரும் குழம்பு, துவையல் வகைகளில் மீன்சாறு கலந்திருக்கும் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். பருப்புப் பொடி, கொள்ளுப் பொடி, கடலை மிட்டாய், எள்ளுருண்டை ஆகியவற்றைக் கட்டிக்கொண்டு போனால் ஒட்டரிசியோடு நன்றாகவே பொருந்தும். பொடிகளைக் கைப்பையில் வைக்காமல் சரக்குப் பையில் வையுங்கள். விமான நிலையச் சோதனையில் ஒவ்வொரு டப்பாவையும் திறந்து காட்டி விளக்கம் சொல்லும் வேலை மிச்சமாகும்.