உங்கள் பெயர் யார் கையில்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: நெறிமுறை, தளம் என்று பிரித்துச் சொல்கிறார்கள். இரண்டுமே யாரோ ஒருவருடைய சர்வரில்தானே ஓடுகின்றன? அப்புறம் என்ன வித்தியாசம்?

ஓடுவது சர்வரில்தான். அந்த சர்வரை விட்டுக் கிளம்பும்போதுதான் வித்தியாசம் தெரியும். எஸ்.எம்.டி.பி என்ற மின்னஞ்சல் அனுப்பும் விதிகளைக் கணினி விஞ்ஞானி ஜான் போஸ்டல் 1982இல் எழுதி வெளியிட்டார். அந்த விதிகளின்படி பேசத் தெரிந்த எந்த சர்வரும் இன்னொன்றுக்கு மின்னஞ்சல் அனுப்பலாம், யாரிடமும் ஒப்பந்தம் போட வேண்டியதில்லை. இது நெறிமுறை. கூகுளின் சமூக வலைத்தளமான ஆர்குட் 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. அங்கே சேர்ந்திருந்த நட்பு வட்டத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வேறு இடத்தில் குடியேற வழி இருக்கவில்லை. அது தளம்.

எந்தச் சேவையானாலும் மூன்றைப் பாருங்கள்: கிளம்பும்போது பெயர் கூட வருமா, தொடர்புகள் வருமா, எழுதியவை வருமா? மின்னஞ்சல் திறந்த நெறிமுறைதான். ஆனாலும் உங்கள் முகவரி ஜிமெயில் என்று முடிந்தால், கிளம்பும்போது பெயரை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். சொந்த டொமைனில் (நீங்களே பதிவு செய்த இணையப் பெயரில்) முகவரி இருந்தால், அதற்கு வரும் அஞ்சல் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்.எக்ஸ் பதிவை மாற்றினால் போதும், அடுத்த கடிதம் புதிய சர்வருக்கு வந்துவிடும். மாற்றுவதற்கு முந்தைய நாளே அந்தப் பதிவின் டி.டி.எல் அளவை (மற்ற சர்வர்கள் அதை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை) 3600இலிருந்து 300 நொடிக்குக் குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பழைய விடையை நினைவில் வைத்திருக்கும் சர்வர்கள் இன்னும் கொஞ்ச நேரம் பழைய இடத்துக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். பழைய பெட்டியை உடனே மூடாமல் சில நாட்கள் வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

கேள்வி: நான் இருக்கும் மாஸ்டடான் சர்வரை மூடப்போவதாக அறிவித்திருக்கிறார்கள். என்ன செய்ய வேண்டும்?

மாஸ்டடான் என்பது தனித்தனி ஆட்கள் நடத்தும் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் சமூக வலை. முதலில், அந்த சர்வர் உயிரோடு இருக்கும்போதே செய்யுங்கள். இடமாற்றச் செய்தியை அனுப்புவது பழைய சர்வர்தான். அது அணைந்துவிட்டால் பின்தொடர்பவர்களை அழைத்துவர யாரும் இல்லை. மாஸ்டடானின் அதிகாரபூர்வப் பட்டியலில் இடம்பெறும் சர்வர்கள், மூடுவதற்குக் குறைந்தது 3 மாதம் முன்பே அறிவிப்பதாக ஒப்புக்கொண்டவை. பட்டியலில் இல்லாதவற்றுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

வரிசை முக்கியம். புதிய சர்வரில் கணக்கு தொடங்கி, அங்கே கணக்கு அமைப்புகளில் ‘வேறொரு கணக்கிலிருந்து மாறுதல்’ பகுதியில் பழைய கணக்கின் முழுப் பெயரைப் பதியுங்கள். ‘அந்தக் கணக்கும் நான்தான்’ என்று புதிய வீடு சொல்லும் சாட்சி இது. அதன் பிறகு பழைய கணக்குக்குப் போய் ‘வேறொரு கணக்குக்கு மாறு’ என்பதில் புதிய பெயரையும் இப்போதைய பாஸ்வேர்டையும் கொடுங்கள். பழைய சர்வர் இந்தச் செய்தியை உங்களைப் பின்தொடர்வோரின் சர்வர்களுக்கெல்லாம் அனுப்பும். அவை ஒவ்வொன்றும் புதிய கணக்கில் அந்தச் சாட்சி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் பின்தொடர்தலை மாற்றிக்கொள்ளும். சாட்சி இல்லையென்றால் மாறாது. திருட்டுத்தனமாக ஒருவருடைய வாசகர்களைக் கடத்திப்போக முடியாதபடி செய்திருக்கும் ஏற்பாடு இது. வரிசையைத் தலைகீழாகச் செய்பவர்கள் இங்கேதான் பிழைச்செய்தி வாங்குகிறார்கள்.

பின்தொடர்பவர்கள் மட்டும்தான் தானாக வருவார்கள். நீங்கள் பின்தொடர்வோர், தடுத்தவர்கள், அமைதிப்படுத்தியவர்கள், பட்டியல்கள், புத்தகக்குறிகள் எல்லாவற்றையும் ஏற்றுமதிப் பக்கத்தில் தனித்தனி சி.எஸ்.வி (அட்டவணை) கோப்புகளாக இறக்கி, புதிய கணக்கில் ஏற்ற வேண்டும். தடுத்தவர்கள் கோப்பை முதலில் ஏற்றுங்கள். உங்களைத் தொல்லை செய்தவர் புதிய வீட்டுக்கு உங்களுக்கு முன்பே வந்து நிற்கக் கூடாது.

எழுதிய பதிவுகள் வராது. பலருக்கு இது தாமதமாகத்தான் தெரிகிறது. மொத்தப் பதிவுகளையும் காப்பகமாகக் கேட்டு வாங்கலாம், 7 நாளுக்கு ஒருமுறை. ஆனால் அது உங்கள் கணினியில் வைத்துக்கொள்ள மட்டுமே. புதிய கணக்கின் காலவரிசையில் அவற்றை ஏற்ற முடியாது. காரணம், ஒவ்வொரு பதிவின் அடையாளமும் அது பிறந்த சர்வரின் டொமைனோடு ஒட்டியது. ஒருமுறை மாறிய பிறகு 30 நாள் வரை மறுபடி மாற முடியாது என்பதால், புதிய சர்வரின் விதிகளை முன்கூட்டியே படித்துவிடுவது நல்லது.

கேள்வி: ப்ளூஸ்கையில் என் சொந்த டொமைனையே பெயராக வைத்திருக்கிறேன். இனி என் கணக்கு முழுக்க என்னுடையது என்று சொல்லலாமா?

பாதி சொல்லலாம். ப்ளூஸ்கை என்ற சமூக வலையில் பெயர் வேறு, அடையாளம் வேறு. உங்கள் பதிவுகளும் பின்தொடர்பவர்களும் கட்டப்பட்டிருப்பது ‘டி.ஐ.டி’ என்ற அடையாளத்தோடு. அந்த அடையாளம் ‘பி.எல்.சி’ என்ற வகையைச் சேர்ந்தது என்றால் முன்னொட்டுக்குப் பின் 24 எழுத்து வரும் ஒரு சரம் அது. டொமைன் என்பது வாசலில் மாட்டிய பெயர்ப்பலகை. டொமைன் காலாவதியானால் பலகை கழன்றுவிடும், கணக்கு அப்படியே இருக்கும்.

டொமைனை இணைக்கும்போது ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. அடிக்கோட்டுடன் தொடங்கும் ‘ஏ.டி.புரோட்டோ’ என்ற பெயரில் ஒரு டி.எக்ஸ்.டி பதிவு (டொமைனோடு வைக்கும் சிறு உரைக் குறிப்பு) போடச் சொல்வார்கள். டி.என்.எஸ் என்பது டொமைன் பெயர்களை சர்வர் முகவரிகளோடு இணைக்கும் அமைப்பு; அதன் நிர்வாகப் பக்கங்கள் பல டொமைனைத் தாங்களாகவே பின்னால் ஒட்டிக்கொள்ளும். நீங்களும் முழு டொமைனைத் தட்டினால் அது இருமுறை சேர்ந்து, பதிவு யாருக்கும் கிடைக்காத இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். பெயர்ப் பெட்டியில் முதல் துண்டை மட்டும் இடுங்கள்.

இப்போது மறு பாதி. அந்த ‘பி.எல்.சி’ அடையாளங்களின் பட்டியல் ஒரே ஒரு சேவையில்தான் இருக்கிறது. நெறிமுறை பரவலாக இருந்தும் இந்த ஒரு முடிச்சு மையத்தில் இருக்கிறது. உங்கள் அடையாளத்தை மாற்றும் உரிமை ‘சுழற்சிச் சாவி’ எனப்படும் ரகசியச் சாவிகளிடம் இருக்கிறது, சாதாரணமாக அந்தச் சாவிகளை சர்வர்தான் வைத்திருக்கும். உங்களுக்கென ஒரு மீட்புச் சாவியை முன்னுரிமையில் முதலாவதாகச் சேர்த்து, இணையத்துக்கு வெளியே பத்திரப்படுத்தினால், சர்வர் மோசம் செய்தாலும் 72 மணி நேரத்துக்குள் அந்த மாற்றத்தைத் தள்ளுபடி செய்யலாம். ‘கார்’ என்ற வகைக் கோப்பாக வரும் காப்புப்பிரதியில் பதிவுகள், விருப்பங்கள், பின்தொடர்தல்கள் இருக்கும், படங்களும் வீடியோக்களும் இருக்காது. அவற்றைத் தனியே இறக்க வேண்டும். காப்புப்பிரதி கையில் இருந்தும் மீட்புச் சாவி இல்லையென்றால், பெட்டி நிறையச் சாமான் இருந்தும் பட்டா இல்லாத நிலைமைதான்.

கேள்வி: சொந்தமாக மின்னஞ்சல் சர்வர் அமைத்தேன். அனுப்புவதெல்லாம் ஸ்பாம் பெட்டிக்குப் போகிறது. நெறிமுறை எல்லோருக்கும் சமம் என்கிறார்களே?

நெறிமுறை சமம்தான். வாசற்காவல் சமமில்லை. உலகின் அஞ்சல் பெட்டிகளில் பெரும்பகுதி சில நிறுவனங்களிடம் குவிந்திருப்பதால், அவர்கள் வைக்கும் நிபந்தனையே நடைமுறைச் சட்டமாகிவிடுகிறது.

பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். உங்கள் சர்வரின் ஐ.பி முகவரியை (எண் முகவரியை) திருப்பித் தேடினால் உங்கள் சர்வரின் பெயர் வர வேண்டும், அந்தப் பெயரைத் தேடினால் அதே ஐ.பி வர வேண்டும். இந்த பி.டி.ஆர் பதிவை டொமைன் விற்றவரால் போட முடியாது, சர்வரை வாடகைக்குக் கொடுத்தவரிடம்தான் கேட்க வேண்டும். உங்கள் பெயரில் எந்த சர்வர்கள் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்.பி.எஃப் பதிவு ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். புதிய சேவை சேர்க்கும்போது இரண்டாவதாக ஒன்று போட்டால் இரண்டுமே செல்லாது. அதற்குள் டி.என்.எஸ் தேடல்கள் 10ஐத் தாண்டினாலும் செல்லாது. கடிதத்தின் கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் டி.கே.ஐ.எம் சாவி 2048 பிட் என்றால் அது 255 எழுத்துக்கு மேல் போகும், ஆகவே ஒரே பதிவுக்குள் இரண்டு மேற்கோள் துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். பாதியில் வெட்டுப்பட்ட சாவிதான் ‘எல்லாம் சரியாகப் போட்டேன், கையொப்பம் மட்டும் தோற்கிறது’ என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இருக்கும். இந்தச் சோதனைகளில் தோற்கும் கடிதங்களை என்ன செய்வது என்று சொல்லும் டி.மார்க் கொள்கையை ‘நன்’ (ஒன்றும் செய்யாதே) என்று தொடங்கி, அறிக்கைகளைச் சில வாரம் படித்த பிறகு கடுமையாக்குங்கள்.

2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாகூவும் மொத்தமாக அனுப்புவோருக்கு எஸ்.பி.எஃப், டி.கே.ஐ.எம், டி.மார்க் மூன்றையும் கட்டாயமாக்கிவிட்டன. கூகுளின் கணக்கில் மொத்தம் என்பது நாளொன்றுக்கு 5,000 கடிதங்கள். ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது, சந்தாவை ஒரே சொடுக்கில் விலக்க வழி வேண்டும்.

எல்லாம் செய்தும் தோற்கலாம். உங்களுக்கு முன் அந்த ஐ.பியை வைத்திருந்தவர் குப்பை அனுப்பியிருந்தால் அந்தக் கெட்ட பெயர் உங்கள் தலையில்தான். சர்வரை வாடகைக்குக் கொடுப்பவர்களில் சிலர், அஞ்சல் வெளியே போகும் 25ஆம் போர்ட்டையே அடைத்து வைத்திருப்பார்கள். என் பரிந்துரை: டொமைனை உங்கள் பெயரில் வைத்துக்கொள்ளுங்கள், அஞ்சல் ஓட்டும் வேலையை ஒரு நல்ல சேவையிடம் ஒப்படையுங்கள். பிடிக்காவிட்டால் எம்.எக்ஸ் பதிவை மாற்றிக் கிளம்பலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: மையப்படுத்தினால் ஒரே அடியாக நின்றுபோகும் என்கிறார்கள். சின்ன சர்வர்கள் இன்னும் அதிகமாக நின்றுபோகின்றனவே?

ஆமாம், தனித்தனியாக எடுத்தால் சின்ன சர்வர்தான் அதிகம் நிற்கும். வேறுபாடு, கூடவே எத்தனை பேர் விழுகிறார்கள் என்பதில். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கின் பராமரிப்பு வேலையில் ஒரு கட்டளை அதன் உள் இணைப்புகளைத் துண்டித்தது. அதன் டி.என்.எஸ் சர்வர்கள் தங்களை நலமற்றவையாகக் கருதி, தங்களை அடையும் வழியை இணையத்துக்குச் சொல்லும் பி.ஜி.பி அறிவிப்புகளைத் தாங்களே திரும்பப் பெற்றன. வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் சேர்ந்து சுமார் 6 மணி நேரம் காணாமல் போயின. சரிசெய்ய வேண்டிய பணியாளர்களின் கருவிகளும் அதே வலையமைப்பையே நம்பியிருந்தன.

ஆனால் நூறு சின்ன சர்வர்களும் ஒரே கிளவுட் நிறுவனத்தின் ஒரே மையத்தில் இருந்தால் அதைப் பரவல் என்று எப்படிச் சொல்வது? சேரும் முன் சர்வர் எங்கே ஓடுகிறது, காப்புப்பிரதி அதே நிறுவனத்திடம்தான் இருக்கிறதா என்று நிர்வாகியிடம் தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: பெரிய நிறுவனங்கள் ஆக்டிவிட்டிபப்புக்குள் வருகின்றன. எக்ஸ்.எம்.பி.பிக்கு நடந்ததுதான் இதற்கும் நடக்குமா?

ஆக்டிவிட்டிபப் என்பது மாஸ்டடான் போன்ற சர்வர்கள் ஒன்றோடொன்று பேசும் நெறிமுறை, எக்ஸ்.எம்.பி.பி என்பது உடனடி அரட்டைக்கான திறந்த நெறிமுறை. நடக்கக்கூடியதுதான், பயம் நியாயமானது. கூகுளின் அரட்டைச் சேவையான கூகுள் டாக் 2005இல் வந்தது, 2006இல் மற்ற எக்ஸ்.எம்.பி.பி சர்வர்களோடு பேசத் தொடங்கியது. 2013இல் கூகுளின் அடுத்த அரட்டைச் சேவையான ஹேங்அவுட்ஸ் வந்தபோது அந்தக் கதவைச் சாத்தத் தொடங்கினார்கள். நெறிமுறை அன்றும் சாகவில்லை, இன்றும் ஓடுகிறது. ஆனால் சின்ன சர்வர்களில் இருந்தவர்களின் நண்பர்கள் பெரும்பாலோர் பெரிய சர்வரில் இருந்தார்கள், அந்த நண்பர்களின் பெயர்களும் அந்தப் பெரிய சர்வரின் டொமைனில் இருந்தன. கதவு சாத்தியதும் சின்ன சர்வரில் இருந்தவருக்கு எதிரே யாருமில்லை.

ஆகவே விதிமுறை ஆவணம் எவ்வளவு திறந்தது என்பதோடு, ஒரே சர்வரில் எத்தனை பங்கு ஆட்கள் என்பதையும் பாருங்கள். மெட்டாவின் சமூக வலையான த்ரெட்ஸ் 2024இல் ஆக்டிவிட்டிபப் பகிர்வைத் திறந்தபோது, பயனர் தாமே இயக்கினால்தான் வேலை செய்யும்படி வைத்தது. இப்படிப்பட்ட வாசல்களைப் பயன்படுத்துங்கள், ஆனால் உங்கள் வட்டத்தின் அடித்தளத்தை அந்தப் பக்கம் கட்டாதீர்கள்.

கேள்வி: நாஸ்டரில் தனிச்சாவி தொலைந்தால் மீட்க முடியுமா?

முடியாது. நாஸ்டர் என்ற சமூக வலை நெறிமுறையில் அந்த ரகசியச் சாவிதான் உங்கள் கணக்கு. ‘பாஸ்வேர்ட் மறந்துவிட்டேன்’ பொத்தானை வைக்க அங்கே ஆளே இல்லை. கசிந்தாலும் மாற்ற முடியாது, புதிய சாவியோடு புதிதாகத் தொடங்க வேண்டியதுதான். ‘என்செக்’ என்று தொடங்கும் சாவியை எந்த இணையப் பக்கத்திலும் ஒட்டாதீர்கள். கையொப்பமிடும் பிரவுசர் நீட்சியில் வைத்தால், பக்கங்களுக்குக் கையொப்பம் மட்டுமே போகும். தாளில் எழுதி இரண்டு இடங்களில் வையுங்கள்.

கேள்வி: ஐ.பி.எஃப்.எஸ்ஸில் போட்டால் கோப்பு என்றென்றும் இருக்குமா?

ஐ.பி.எஃப்.எஸ் என்பது பலருடைய கணினிகள் சேர்ந்து கோப்புகளைப் பகிரும் வலை. யாராவது வைத்திருக்கும்வரை கோப்பு இருக்கும். முகவரி கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படுவதால் ஒரு எழுத்து மாறினாலும் முகவரி மாறும். ஆனால் முகவரி இருப்பது கோப்பு இருப்பதற்கு உத்தரவாதமில்லை. ‘பின்’ செய்யாத (அழிக்காமல் வைத்திரு என்று குறிக்காத) கோப்புகளை அந்த வலையிலுள்ள கணினிகள் இடம் வேண்டி அழித்துவிடும். குறைந்தது ஒரு பின்னிங் சேவை, கூடவே உங்கள் சொந்தக் கணினி, இரண்டிலும் பின் செய்யுங்கள். ஒரே கோப்பை வேறு அளவுத் துண்டுகளாகப் பிரித்துச் சேர்த்தால் வேறு முகவரி வரும், ஆகவே சேர்த்த அமைப்புகளையும் குறித்துவையுங்கள்.

கேள்வி: பாட்காஸ்ட் நடத்துகிறோம். ஹோஸ்டிங் நிறுவனத்தை மாற்றினால் கேட்பவர்களை இழப்போமா?

ஒழுங்காகச் செய்தால் ஒருவரையும் இழக்க வேண்டாம். பாட்காஸ்ட் இன்றும் ஆர்.எஸ்.எஸ் மேல்தான், அதாவது அத்தியாயங்களின் பட்டியலைச் செயலிகளுக்குத் தரும் ‘ஊட்டத்தின்’ மேல்தான் நிற்கிறது, திறந்த நெறிமுறை வென்ற இடம் அது.

பழைய ஊட்ட முகவரியிலிருந்து புதியதற்கு 301 (நிரந்தர) வழிமாற்று போடச் சொல்லுங்கள். புதிய ஊட்டத்தில் ‘நியூ ஃபீட் யூ.ஆர்.எல்’ குறியைச் சேருங்கள். இரண்டையும் குறைந்தது 4 வாரம் வைத்திருங்கள், எப்போதாவது மட்டும் செயலியைத் திறப்பவர்களும் உண்டு. ஒவ்வொரு அத்தியாயத்தின் ‘ஜி.யூ.ஐ.டி’ என்ற தனி அடையாளமும் மாறாமல் புதிய இடத்துக்குப் போக வேண்டும். மாறினால் கேட்பவரின் செயலி பழைய அத்தியாயங்களைப் புதியவை என்று நினைத்து மொத்தமாக மறுபடி இறக்கும், கோபத்தில் சிலர் சந்தாவை விடுவார்கள். பழைய நிறுவனம் வழிமாற்றுப் போட மறுத்தால் மட்டுமே நிஜமான இழப்பு. கணக்கு தொடங்கும் முன்பே அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அல்லது முதல் நாளிலிருந்தே ஊட்ட முகவரியை உங்கள் டொமைனில் வைத்து, அங்கிருந்து நிறுவனத்துக்குத் திருப்பிவிடுங்கள். அப்போது அந்தத் திருப்பு விசை உங்கள் கையில்தான் இருக்கும்.