திருந்திய பிறகுதான் இயேசுவிடம் வரவேண்டுமா?

கேள்வி: குடியை விட்டுவிட்டு, திருந்திய ஆளாகச் சபைக்குப் போகலாம் என்று தள்ளிப்போட்டு வருகிறேன். சரிதானா?
– வாசகர், பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: வரிசை தலைகீழாக இருக்கிறது, ஐயா. பிலிப்பி பட்டணத்துச் சிறைக்காரன் இரட்சிப்புக்கு வழி கேட்டபோது அடிபட்டு அங்கே அடைக்கப்பட்டிருந்த அப்போஸ்தலன் பவுலும் உடன் ஊழியர் சீலாவும் தவணை சொல்லவில்லை. கர்த்தராகிய இயேசுவை விசுவாசி என்றார்கள் (அப்போஸ்தலர் 16:30-31). அவன் அவர்களுடைய காயங்களைக் கழுவியதும், ஞானஸ்நானம் பெற்றதும் அதற்குப் பிறகு, அதே இரவில். எபேசியர் 2:8-9 இரட்சிப்பு கிருபையினாலே என்று சொல்கிறது. நற்கிரியை வருவது 10ஆம் வசனத்தில். பலர் பத்திலிருந்து தொடங்கித் தவிக்கிறார்கள். மூழ்குகிறவன் நீச்சல் பழகிவிட்டா கை நீட்டுவான்?

இந்த ஞாயிறே போங்கள். போதகரிடம் குடியை மறைக்காதீர்கள். இடறினால், பாவத்தை அறிக்கையிட்டால் தேவன் மன்னிப்பார் என்று சொல்லும் 1 யோவான் 1:9 இருக்கிறது. ஒன்று மட்டும்: தினமும் அதிகம் குடிப்பவரென்றால் திடீரென நிறுத்தவேண்டாம், வலிப்பு வரலாம். அரசாங்க கிளினிக்கில் டாக்டரைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். அதை விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.